ஒன்பதாவது கேள்வி

கதவைத் திறந்தால், மேசைக்கு அந்தப் பக்கம் நோயாளி நாற்காலியில் எங்கள் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

பார்மசி நாலாம் வருடத்தில் எங்களுக்கு இப்படி ஒரு தேர்வு உண்டு. வெளியாட்களைக் கூட்டிவந்து நோயாளியாக நடிக்கச் சொல்வார்கள். என்ன வியாதி, எதைக் கேட்டால் எதைச் சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நாங்கள் எதிரே உட்கார்ந்து மருந்தைக் கொடுத்து, எப்படி எடுத்துக்கொள்வது என்று பத்து நிமிடத்தில் விளக்க வேண்டும். கட்டாயம் கேட்டாக வேண்டிய கேள்விகள் ஒன்பது. மூலையில் ஒரு மேடம் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் டிக் போடுவார். அவரை நாங்கள் டிக் மேடம் என்றுதான் சொல்வோம். அவருடைய சொந்தப் பெயர் பாதிப் பேருக்கு மறந்தே போயிருக்கும்.

மாணவர் விதிமுறைப் புத்தகத்தில் இந்தத் தேர்வுக்கென்று தனியாக ஒரு விதி. நோயாளியாக வந்தவர் தெரிந்தவர் என்றால் உடனே கையைத் தூக்கிச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அப்படி வந்தவர்களுக்கு ஆறு மாதம் கழித்துத்தான் மறு தேர்வு. எனக்கோ அடுத்த மாதமே ஆஸ்பத்திரியில் பயிற்சி ஆரம்பம். இந்தத் தேர்வில் தேறாதவர்களை அங்கே வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

நான் கையைத் தூக்கவில்லை. ஆறு மாதம் வீணாகுமே என்றுதான் தூக்கவில்லை என்று அந்த நிமிடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் நிஜம்.

"வணக்கம்மா. உக்காருங்க," என்றேன், ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து.

அம்மா என் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். பிறகு, "வணக்கங்க," என்றாள். என்னை 'ங்க' போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மடியில் அந்தத் தாள் இருந்தது. நாலாக மடித்து, மேலே கையை வைத்திருந்தாள்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இது உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். துணிக் கம்பெனியில் பத்தொன்பது வருடமாகப் பிசிறு வெட்டுகிறாள், அங்கே ஒருவருக்கும் தெரியாது. கையெழுத்தை மட்டும் அழகாகப் போடுவாள். எங்கே போனாலும் கழுத்தில் கயிறு கட்டி ஒரு கண்ணாடி இருக்கும். யாராவது தாளை நீட்டினால் அதைப் போட்டுக்கொண்டு, நெற்றியைச் சுருக்கி, தலையை ஆட்டி, மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து என்னிடம் தருவாள். எட்டு வயதில் நான் கண்டுபிடித்தேன். இரண்டு பாடத்தில் கோட்டைவிட்ட ரிப்போர்ட் கார்டை நீட்டியபோது கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "பரவால்லயே, நல்லா பண்ணிருக்கியே" என்றாள். அன்றைக்கு எனக்குக் கொண்டாட்டம்தான். அதற்குப் பிறகு வீட்டுக்கு வரும் தாள் எல்லாம் என் பொறுப்பு.

போன வருடம் ஒருநாள், பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது எதையோ நீட்டினாள். "எல்லாத்தையும் நானே படிச்சு அழணுமா?" என்று வள்ளென்று விழுந்தேன். அதற்கப்புறம் அவள் எதையும் நீட்டவில்லை. நிம்மதி என்று நானும் விட்டுவிட்டேன்.

"எந்தப் பிரச்சனைக்கு மருந்து வாங்க வந்திருக்கீங்க?" முதல் கேள்வி.

மேசையில் ஆஸ்துமாவுக்கு உறிஞ்சுகிற மருந்து இருந்தது. தாளில் ஆஸ்துமா என்றுதான் எழுதியிருக்கும். அம்மா அந்த மருந்துக் குப்பியைப் பார்த்தாள். அது என்னவென்று அவளுக்குப் புரியவில்லை.

"தலை சுத்துதுங்க," என்றாள். "காலைல பதினொரு மணி வாக்குல. வேர்த்துக் கொட்டுது. பாதம் வேற மரத்துப் போகுது. ஆறு மாசமா."

டிக் மேடத்தின் பேனா நின்றது. அம்மாவுக்கு நடிக்கத் தெரியாது. கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆறு மாதமாக ஒரே வீட்டில், ஒரே தட்டுக்கூடையில் தட்டு எடுத்துச் சாப்பிடுகிற எனக்கு இது தெரியாது.

"அம்மா, உங்களுக்குக் குடுத்த பேப்பர்ல வேற இருக்குமே. படிச்சீங்களா?" என்றார் மேடம்.

"படிச்சேங்க. கண்ணாடி கொண்டாரல, அதான் சரியாத் தெரியல."

கண்ணாடி கழுத்தில் கயிற்றோடு தொங்கிக்கொண்டிருந்தது. மேடம் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அம்மா குனிந்து பார்த்துவிட்டு அதைக் கையால் மூடிக்கொண்டாள்.

"சரி, நீங்க போலாம். வேற ஆளை அனுப்பச் சொல்றேன்," என்றார் மேடம். அம்மா எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே போனாள். கதவு சாத்தியதும் மேடம் என் பக்கம் சாய்ந்து, "படிக்கத் தெரியாததையெல்லாம் யார்தான் பிடிச்சு அனுப்பறாங்களோ," என்றார்.

நான் சிரித்தேன்.

பெரிய சிரிப்பு ஒன்றும் இல்லை. மேடம் சொன்னதுக்கு ஒத்துப்போகிற மாதிரி, பல் தெரியாத சிரிப்பு. ஆனாலும் சிரித்தேன்.

அடுத்து ஒரு பெரியவர் வந்தார். தாளை மனப்பாடம் செய்திருந்தார், அழகாக இருமினார். ஒன்பது கேள்வியையும் கேட்டேன். ஒன்பதாவது, "கவர்ல எழுதியிருக்கறத உங்களால படிக்க முடியுமா?" நோயாளி கூசாதபடி கேட்க வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. அப்படியே கேட்டேன். முழு மார்க். 'மரியாதையான அணுகுமுறை' என்று வேறு எழுதினார் மேடம். கடைசியில் ஒரு தாளை நீட்டினார். இன்று சந்தித்த யாரையும் முன்பே எனக்குத் தெரியாது என்ற உறுதிமொழி. போட்டேன் கையெழுத்தை.

வெளியே வந்தபோது முன்வாசலில் மரத்தடியில் அம்மா நின்றிருந்தாள். கையில் சாப்பாட்டுப் பொட்டலம். நடிக்க வந்தவர்களுக்குக் கொடுத்தது, பிரிக்காமல் வைத்திருந்தாள். என்னோடு மூன்று பேர் வந்துகொண்டிருந்தார்கள். "எனக்கு லைப்ரரில வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டேன்.

ச்சீ என்று இருந்தது. பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் உட்காரத் தோன்றவில்லை. விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினேன். பொய் உறுதிமொழி கொடுத்தவர் மூன்று நாளுக்குள் தானாக எழுதிக் கொடுத்தால் தேர்வு ரத்து, ஆறு மாதம் கழித்து மறுபடி. மற்றவர் சொல்லித் தெரியவந்தால் ஒரு வருடம். கடைசிப் பக்கத்தில் அதற்கான படிவம் இருந்தது. யாரும் இதுவரை அதைக் கிழித்து எடுத்திருக்க மாட்டார்கள். நான் கிழித்தேன்.

சாயங்காலம் அம்மா சமையலறையில் தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கிழித்த படிவத்தையும் அதன் மேல் புத்தகத்தையும் தரையில் வைத்துவிட்டு நானும் எதிரே உட்கார்ந்தேன்.

"நீ எப்படிம்மா அங்க?"

"நம்ம பில்டிங் மூணாம் மாடி அக்கா கூப்ட்டா. சும்மா உக்காந்து பேசணும், அவ்ளோதான்னா. உன் காலேஜ உள்ள போய்ப் பாத்ததே இல்லையே, அதான் போனேன். உனக்கு இன்னைக்குப் பரீட்சைன்னு நீ எங்க சொன்னே?" கத்தியை நிறுத்தாமல் பேசினாள். "சொந்தக்காரங்க யாராவது படிக்கறாங்களான்னு பாரத்துல இருந்துச்சாம். எல்லாத்துக்கும் இல்லன்னு அக்காவே போட்டுட்டா."

"என்னைப் பாத்ததும் சொல்லிருக்கலாமே."

"நீ சொல்லுவேன்னு பாத்தேன். நீ சொல்லல. புள்ளைக்கு ஏதோ காரணம் இருக்கும்னு நானும் விட்டுட்டேன்." ஒரு காயை நறுக்கி முடித்தாள். "பாஸா?"

"பாஸ்."

"அப்ப சரி."

அதற்கு அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

"தலை சுத்துதுன்னு சொன்னியே. அது நிஜமா?"

அம்மா எழுந்து போய்க் கைப்பையிலிருந்து ஒரு மருந்துக் கவரை எடுத்துவந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த சர்க்கரை மாத்திரை. ஆறு மாதத்துக்கு முந்தைய தேதி. அதன் மேல் கொட்டை எழுத்தில், 'காலை 1, இரவு 1, சாப்பிடும் முன்' என்று எழுதியிருந்தது.

"இத எப்படிச் சாப்பிடற?"

"ரெண்டுன்னு சொன்னாங்க. காலைல எந்திரிச்சதும் ரெண்டையும் போட்டுட்டு வேலைக்கு ஓடிருவேன். அங்க போயி பதினோரு மணிக்கு மேலதான் சாப்பாடு."

இரண்டையும், வெறும் வயிற்றில். பதினொரு மணி வரை. எங்காவது தையல் மிஷின் மேல் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கக்கூட முடியவில்லை. நான் படித்த நாலு வருடப் படிப்பும் இந்த ஒரு வரிக்குள் இருந்தது. அதை அவள் என்னிடம் நீட்டவே இல்லை.

நான் கத்தியை வாங்கி ஓரமாக வைத்தேன். டிக் போட யாரும் இல்லை. முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தேன். எத்தனை நாளாக, வேறு மாத்திரை உண்டா, எதுவும் ஒத்துக்கொள்ளாதா. அம்மா முதலில் சிரித்தாள். அப்புறம் புடவையைச் சரிசெய்துகொண்டு, காலையில் உட்கார்ந்திருந்த மாதிரியே நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் 'ங்க' போட்டுப் பதில் சொன்னாள். காலையில் ஒன்று, சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால். ராத்திரி ஒன்று, அதே மாதிரி. மாத்திரை போட்டால் சாப்பாட்டைத் தள்ளிப்போடவே கூடாது. நாளைக்கு நாம் இரண்டு பேரும் டாக்டரைப் பார்க்கிறோம். திருப்பிச் சொல்லச் சொன்னேன். ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள்.

எட்டு முடிந்தது. ஒன்பதாவது என் வாயில் வந்து நின்றுவிட்டது. இதற்கு விடை எனக்கு எட்டு வயதிலிருந்தே தெரியும். ஆனால் ஒரு தடவைகூட நான் அவளைக் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

"கவர்ல எழுதியிருக்கறத... உங்களால படிக்க முடியுங்களா?"

அம்மா கழுத்தில் தொங்கிய கண்ணாடியைக் கழற்றினாள். கயிற்றை அதைச் சுற்றிச் சுற்றி, கவருக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள்.

"முடியாதுங்க," என்றாள். "எனக்குப் படிக்கத் தெரியாது. வீட்ல பொண்ணு இருக்கா. அவ படிச்சுச் சொல்லுவா."

பிறகு, என் புத்தகத்துக்கு அடியிலிருந்து துருத்திக்கொண்டிருந்த படிவத்தை இரண்டு விரலால் இழுத்து எடுத்தாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"இது என்ன? படி."