ரேடியோவின் பங்கு

அந்த இரண்டு பெண்களுக்கும் பல் டாக்டர்கள் வைத்த பெயர் ரேடியோ, பூட்டு. கட்டுப்பல் செய்து கொடுக்கும் சிறிய கூடம் ஒன்றை ஆளுக்குப் பாதிப் பங்காகப் பதினாலு வருடம் நடத்தி வந்தார்கள். மாடியில் இரண்டே அறைகள். பூட்டு அங்கே உட்கார்ந்து மெழுகில் பல்வரிசை அடுக்குவாள், தேய்ப்பாள், மெருகேற்றுவாள். கேட்டால்தான் பேசுவாள், அதுவும் பாதி. ரேடியோ கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்கி, நோயாளிகளின் வாய் அச்சுகளை வாங்கி வருவாள், செய்த பல்லைக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அவள் வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. "ஊருக்கெல்லாம் பல்லு கட்டுறோம், நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வாய்தான்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அந்த வாய்தான் ஒரு காலையில் நின்றுபோனது. கிளினிக் ஒன்றின் காத்திருப்பு அறையில், டாக்டர் ஒருவரின் கஞ்சத்தனத்தைச் சுவையாக விவரித்துக்கொண்டிருந்தவளுக்கு வார்த்தை பாதியில் அறுந்தது. வலது கை மடியில் பொத்தென்று விழுந்தது.

பக்கவாதம். உயிருக்கு ஆபத்தில்லை என்று மூன்றாம் நாள் சொன்னார்கள். காலில் மெல்ல மெல்லத் தெம்பு வந்தது. பேச்சுதான் வரவில்லை. தலைக்குள் எல்லாம் பழையபடி கடகடவென்று ஓடியது. வாய் வரை வந்ததும் ஒன்றுகூட வெளியே வராது. "இல்லை", "சரி", "பல்லு", அப்புறம் டாக்டர் முன்னால் சொல்லக்கூடாத ஒரு வசவு. மிச்சம் அவ்வளவுதான். பேச்சுப் பயிற்சி தரும் பெண் வாரம் மூன்று நாள் வீட்டுக்கு வந்தாள்.

பூட்டும் தினமும் சாயங்காலம் வந்தாள். எல்லாம் நல்லபடி நடக்கிறது, நீங்க வர்ற வரைக்கும் உங்க நாற்காலி அப்படியே இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போவாள். கேட்காமலேயே இத்தனை பேசுகிறாளே என்று ரேடியோவுக்கு அப்போதே மனசில் உறுத்தியது.

ஏழாம் மாதம் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ரேடியோவின் புருஷனுக்குப் போன் செய்தார். புருஷன் பஸ் டிரைவர். சுற்றி வளைக்கத் தெரியாது, கேட்டதை அப்படியே வந்து சொன்னார். மூன்று வருடத்துக்கு முன் கூட்டாளிகள் இருவரும் ஒருவர் பேரில் ஒருவர் பாலிசி எடுத்திருந்தார்கள். ஒருத்தி இறந்தாலோ, நோயில் விழுந்து ஆறு மாதத்துக்கு மேல் தன் வேலையைப் பார்க்க முடியாமல் போனாலோ, மற்றவள் கைக்குப் பணம் வரும். அதைக் கொண்டு அவளுடைய பாதியை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தம். நல்ல நாளும் அதுவுமாக இதெல்லாம் எதற்கு என்று பூட்டு அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளைக் கையெழுத்துப் போட வைத்ததே ரேடியோதான். இப்போது பணம் கேட்டு எழுத இன்னும் பத்தொன்பது நாள்தான் இருந்தது. கம்பெனி அனுப்பிய படிவத்தைப் பூட்டு தொடவே இல்லையாம். கிளினிக்குகளில் ஆறு வேறு இடத்துக்குப் போய்விட்டன; மிச்சம் நாலு. காலையெல்லாம் அவளே அலைந்து, பிற்பகலில் வந்து பல் செய்கிறாள். குறையும் லாபத்திலும் பாதியை மாதம் தவறாமல் இங்கே அனுப்புகிறாள்.

ரேடியோ அன்று சாப்பிடவில்லை. கோபம். தன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு இரண்டு பேரையும் கிணற்றில் தள்ளுகிறாளே இவள்! டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்: வார்த்தைகள் சேரும், ஆனால் பழைய பேச்சு திரும்பாது. அதை ரேடியோ அழாமல் விழுங்கிவிட்டாள். பூட்டுதான் விழுங்க மறுத்தாள்.

மறுநாள் பயிற்சிக்காரப் பெண் 'என் பேர்', 'எனக்குத் தண்ணி வேணும்' என்று ஆரம்பித்தபோது ரேடியோ "இல்லை" என்றாள். புருஷன் பாலிசித் தாளைக் காட்டி விஷயத்தை விளக்கினார். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, இரண்டே இரண்டு வாக்கியத்தை எடுத்துக்கொண்டாள். பன்னிரண்டு நாள் அதையே மென்றார்கள். சாயங்காலங்களில் இடது கையால் கையெழுத்துப் பழகினாள் ரேடியோ. பெருவிரல் ரேகை போதும் என்று ஏஜென்ட் சொன்னதற்குத்தான் அந்த வசவு பயன்பட்டது.

பதின்மூன்றாம் நாள் பிற்பகல் பூட்டிடம் சொல்லாமல் கிளம்பினார்கள். மாடிக்கு இருபத்திரண்டு படி. புருஷன் தூக்கிவிட வந்தார். அவள் கையைத் தட்டிவிட்டாள். ஒவ்வொரு படியிலும் இடது காலை வைத்து, வலது காலை இழுத்துச் சேர்த்து ஏறி முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று.

பூட்டு மெருகேற்றும் மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள். கன்னம் ஒட்டிப்போய், முழங்கை வரை அச்சு வார்க்கும் வெள்ளை மாவு. "அக்கா, சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே" என்றாள்.

ரேடியோ உட்காரவில்லை. ஏஜென்டிடம் வாங்கிய இன்னொரு படிவத்தை மேஜையில் வைத்தாள். மூச்சு வாங்கியது. பழகி வைத்த வாக்கியம் எங்கேயோ வழுக்கிக்கொண்டு ஓடியது. கண்ணை மூடி அதைத் தேடிப் பிடித்தாள்.

"நான்... வர மாட்டேன். எழுது."

பூட்டு படிவத்தைப் பார்த்தாள். "உங்களால இனிமே முடியாதுன்னு என் கையால எழுதச் சொல்றீங்களா? அது நடக்காதுக்கா. இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம். எனக்கு வேற ஆள் வேண்டாம்."

"வேணும்."

"நான் சமாளிச்சுக்கறேன்."

"இல்லை."

"காசை வாங்கிட்டு உங்களை அனுப்பிட்டேன்னு ஊர் பேசாதா?"

ரேடியோ சுவரோரம் இருந்த அலமாரியைப் பார்த்தாள். முடிக்காத வாய் அச்சுகள் மூன்று தட்டு நிறையப் பெயர்ச்சீட்டோடு காத்திருந்தன. மெல்ல முடியாமல் காத்திருக்கும் அத்தனை பேர். அவற்றைக் காட்டினாள். பழகாத வார்த்தை ஒன்று தானாக வந்தது.

"பசி" என்றாள். "அவங்களுக்கு... பசி."

பூட்டு முகத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டாள், கன்னமெல்லாம் மாவு. பேனாவை எடுத்தாள். ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிறுத்தி எழுதினாள். கடைசியில் ரேடியோ இடது கையால் தன் பெயரைப் போட்டாள். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன, ஆனாலும் அவளுடைய பெயர்தான்.

கம்பெனியிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து விசாரித்தார், டாக்டரிடமும் எழுதி வாங்கினார். இரண்டு மாதத்தில் பணம் வந்தது. பூட்டு ஒப்பந்தப்படி ரேடியோவின் பாதியை வாங்கிக்கொண்டாள். அந்தப் பணம் ரேடியோவின் வைத்தியத்துக்கும் வீட்டுக்கும் பல வருடம் தாங்கும். மாதாமாதம் இங்கே வந்த பங்கு புது ஆளின் சம்பளமாயிற்று. மருந்துக் கம்பெனிக்கு அலைந்து பழகிய பெண் ஒருத்தி. வந்த மூன்றாம் மாதமே போன கிளினிக்குகளில் நாலைத் திருப்பிக்கொண்டு வந்தாள். அதைச் சொல்லத்தான் பூட்டு ரேடியோ வீட்டுக்கு வந்திருந்தாள்.

"பேசுவாளா?" என்று கேட்டாள் ரேடியோ.

பூட்டு பொய் சொல்லவில்லை. "நல்லா பேசறாக்கா."

"சரி" என்றாள் ரேடியோ. ஆஸ்பத்திரியில் வராத அழுகை அப்போது வந்தது. பூட்டு ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், அது அவளுக்கு நன்றாக வரும். அழுது முடித்து ரேடியோ மூக்கைச் சிந்தினாள். வாசலில் பயிற்சிக்காரப் பெண் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. பூட்டை எழுந்து இடம் விடச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.