கறி வைக்காத பொட்டலம்

வலது காலில் இரண்டு விரல்கள் ஏற்கெனவே போய்விட்டன. பாதத்துப் புண் ஆறாவிட்டால் அடுத்தது முழங்காலுக்குக் கீழே மொத்தமாகப் போகும் என்று டாக்டர் சொன்னபோது என் கணவர் மோலேனி தலையாட்டிச் சிரித்தார். ஏதோ நாளைக்கு மழை வரும் என்று சொன்னதுபோல. டோங்கா ஆண்கள் அப்படித்தான், கத்தியைக் காட்டினாலும் மரியாதைக்குச் சிரிப்பார்கள். வெளியே வந்ததும் ஆஸ்பத்திரிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஃபீபே, ஒத்தைக் காலோட கிழங்கு தோண்டுறவன் யாரையாவது நீ பார்த்திருக்கியா?"

பார்த்ததில்லை. அவர் கையை என் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வைத்தேன்.

சர்க்கரையைக் குறை, சாப்பாட்டைக் குறை என்று சொல்ல ஊரில் ஆயிரம் பேர் உண்டு. குறைத்த இடத்தில் எதை வைப்பது என்று சொன்னவள் நர்ஸ் எலெனோவா ஒருத்திதான். தேவாலயக் கூடத்தில் அவள் சமையல் வகுப்பு நடத்தினாள். காசு கேட்காத வகுப்பு. ஆனாலும் நாங்கள் சொற்பப் பேர்தான் போனோம்.

"ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்தாதீங்க," என்பாள் எலெனோவா. "அப்படி மாத்தினவ அடுத்த நாளே விட்டுடுவா. முதல்ல திங்கக்கிழமை மட்டும் கறி வேணாம். அப்புறம் மத்த நாள்ல பாதிக் கறி, பாதி பீன்ஸ். வயித்துக்கே தெரியாம மாத்தணும்."

"வயித்துக்குத் தெரியாது சரி, புருஷனுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"அவருக்கு வயித்தைத் தவிர வேற எதுல தெரியப்போகுது?" என்றாள். கூடமே சிரித்தது.

சிரிப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் ஊரில் வெறும் கிழங்குக்குச் சாப்பாடு என்று பெயர் இல்லை. கூடவே கறியோ மீனோ இருக்க வேண்டும். அதைக் கீக்கீ என்போம். கீக்கீ இல்லாமல் கிழங்கு தின்பவன் ஒன்று சிறையில் இருப்பான், இல்லையென்றால் நாதியற்றவனாக இருப்பான். அந்த ஊரில் போய் நான் பீன்ஸ் வேகவைக்கக் கிளம்பினேன்.

முதல் திங்கட்கிழமை, சீனாக்காரர் கடையில் வாங்கிய பீன்ஸை முதல்நாளே ஊறப்போட்டு, வெங்காயமும் இஞ்சியும் தட்டிப் போட்டு, வேலியோரத்துப் பேலே கீரையை ஒரு கூடை பறித்துப் போட்டு வேகவைத்தேன். தேங்காயின் முதல் பாலை எடுத்து வைத்துவிட்டு இரண்டாம் பாலை மட்டும் விட்டேன். மோலேனி வந்து மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

"இது யாருக்கு? பன்னிக்கா?"

"பன்னிக்குத்தான். உக்காருங்க."

விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டார். பாத்திரத்தின் அடிவரை கரண்டியை விட்டுத் துழாவியதைக் கண்டும் காணாததுபோல இருந்துகொண்டேன்.

அடுத்தடுத்த வாரங்களில் டின் மாட்டுக்கறி முழு டின்னிலிருந்து அரை டின் ஆனது. அரை, கால் ஆனது. பச்சைப் பப்பாளியை மெல்லியதாக அரிந்து வதக்கினால் பல்லுக்குக் கறிபோலவே கடிபடும் என்று கண்டுபிடித்தேன். வறுத்த நிலக்கடலையைப் பொடித்துத் தூவினால் அவர் கேள்வி கேட்காமல் சாப்பிடுவார் என்றும் கண்டுபிடித்தேன். கிழங்கையும் மலையளவிலிருந்து கைப்பிடி அளவுக்குக் கொண்டுவந்தேன். கையில் காசுகூட நின்றது. கறிதான் கடையிலிருந்து வர வேண்டும், கீரை வேலியிலேயே இருந்தது. ஈரப்பலா காய்க்கும் காலம் வந்தபோது எங்கள் வீட்டில் கறியே இல்லை. அவரும் கேட்பதை நிறுத்தியிருந்தார்.

சர்க்கரை இறங்கியது. கட்டுப் பிரித்த எலெனோவா என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"இந்த ஓரத்தைப் பாரு ஃபீபே. குழந்தை உதடு மாதிரி சிவந்திருக்கு. புதுச் சதை!"

நான் கிளினிக்குக்குப் பின்னால் போய் வயிறு வலிக்க அழுதேன். சந்தோஷத்தில் அப்படி அழுதது என் வாழ்க்கையில் அதுதான் கடைசி.

இனி என் நாத்தனார் கலோலைனேயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மோலேனிக்கு அக்கா. தாய் செத்தபிறகு அவரைத் தோளில் போட்டு வளர்த்தவள். எங்கள் வழக்கத்தில் தம்பிக்கு மேலே அக்கா, அக்காவுக்கு மேலே கடவுள்தான். தம்பி வீட்டில் எதையும் எடுக்க அவளுக்கு உரிமை உண்டு. அவள் வந்து உட்கார்ந்தால் தம்பி எழுந்து தள்ளிப் போய்விடுவான். உடம்பு, நோய், புண், கட்டு என்ற பேச்சே அவர்கள் இருவருக்கும் நடுவில் வரக் கூடாது. வந்தால் இருவருக்கும் அவமானம். இந்த மரியாதையைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவருக்குக் காலில் புண் வந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் முழுக்கக் குழி அடுப்பு புகையும். சேம்பு இலையில் தேங்காய்ப்பாலும் கறியும் வைத்து மடித்து, சூடான கல்லின் மேல் அடுக்கி, மண்ணைப் போட்டு மூடிவிட்டுக் கோயிலுக்குப் போவோம். அந்தப் பொட்டலத்துக்கு லூ என்று பெயர். எங்கள் அடுப்பில் வெந்த முதல் லூ கலோலைனே வீட்டுக்குப் போக வேண்டும். அவளுக்குப் போவதில் மட்டும் நான் கொழுத்த ஆட்டு விலாக்கறி வைத்தேன். எங்களுடையதில் பூசணியும் வெங்காயமும்தான். அவளுக்குக் கறியில்லாத பொட்டலம் அனுப்பும் அளவுக்கு எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை.

ஒரு ஞாயிறு பெருமழை. கலோலைனே கோயிலிலிருந்து நேராக எங்கள் அடுக்களைக்குள் நுழைந்துவிட்டாள். சுடச்சுட ஒரு லூவைப் பிரித்தாள். விரலால் கிளறினாள். இன்னொன்றைப் பிரித்தாள்.

"கறி எங்கடி?"

"உங்களுக்கு உள்ளதுல இருக்கு அண்ணி," என்றேன். சரியான பதிலைச் சொன்னதாகத்தான் நினைத்தேன்.

அவள் கண்கள் நிறைந்துவிட்டன. "எனக்குக் கறியைக் குடுத்துட்டு என் தம்பி எலையைத் திங்கிறானா? இத்தனை நாளா? நான் ஒரு மடச்சி, நல்லா இருக்குன்னு எலும்பைக்கூட விடாம சப்பித் தின்னேனே!"

நான் சொல்ல வந்த எதுவும் அவள் காதில் ஏறவில்லை. அழுதுகொண்டே மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் ஒரு பெரிய பாத்திரம் வந்தது. தேங்காய்ப்பாலில் மிதக்கும் ஆட்டு விலா. அதற்கு மறுநாளும் வந்தது. போதகர் மனைவி ஒரு பெட்டி டின் கறியை வாசலில் வைத்துவிட்டு, எங்களுக்கு வெட்கமாக இருக்கக் கூடாதென்று, கூப்பிடாமலே போயிருந்தாள். கறி வாங்க வழியில்லாமல் போய்விட்டோம் என்று நினைத்து ஊரே சேர்ந்து எங்களைக் கைதூக்கிவிட ஆரம்பித்தது. என் புருஷனின் காலை அன்பாலேயே தின்ன ஆரம்பித்தார்கள் என்றுதான் நான் சொல்வேன்.

"திருப்பி அனுப்பிடலாம்," என்றேன்.

மோலேனி அதிர்ந்துபோனார். "அக்கா குடுத்ததையா? அவ முகத்துல துப்புன மாதிரி இருக்கும்."

"துப்புங்க. காலாவது மிஞ்சும்."

"வாயைக் கழுவு," என்றார். சாயந்தரம் வரை என்னோடு பேசவில்லை.

ஒரு வாய் மட்டும் என்று ஆரம்பித்தார். அக்கா கொடுத்ததை மிச்சம் வைக்கக் கூடாது என்று முடித்தார். என் பீன்ஸ் பானை அடுப்பிலேயே கிடந்து புளித்தது. சிவப்பாக இருந்த புண் ஓரம் முதலில் வெளுத்தது, பிறகு கறுத்தது. எலெனோவா கட்டுப் பிரிக்கும்போது பேசுவதை நிறுத்திவிட்டாள்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் கலோலைனே வீட்டுக்கே போனேன். நிலைப்படி ஓரத்தில் தரையில் உட்கார்ந்தேன். அதற்கு உள்ளே எனக்கு இடம் கிடையாது.

"அண்ணி, அவர் கால்ல..."

அவள் காதைப் பொத்திக்கொண்டாள். "அவன் உடம்பைப் பத்தி எங்கிட்டப் பேசாத!"

"பேசலேன்னா வெட்டிடுவாங்க அண்ணி. கறியை நிறுத்துங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன். நாங்க ஏழையாகலை. மருந்துக்காகத்தான் கீரை திங்கிறோம்."

"யாருக்குடி சர்க்கரை இல்ல? எங்க அப்பாவுக்கு இல்லையா? சாகுற வரைக்கும் பன்னிதான் தின்னாரு, ராஜா மாதிரி."

"எந்த வயசுல செத்தாரு அண்ணி?"

கையில் இருந்த விசிறியை மடியில் வைத்தாள். கடைசியில் சொன்னாள்: "நீ சொல்றதை நான் எப்படி நம்ப? சோம்பேறித்தனத்துக்கு மருந்துன்னு பேர் வைக்கிற பொம்பளைங்களும் இருக்காங்க. அவன் வாயால வேணாம்னு சொல்லட்டும். அப்புறம் ஒரு துண்டு அனுப்ப மாட்டேன்."

நியாயமான பேச்சு. யார் கேட்டாலும் நியாயம் என்றுதான் சொல்வார்கள். நானும் நம்பிக்கையோடு வீட்டுக்கு ஓடினேன். மோலேனியிடம் கெஞ்சினேன். காலைப் பற்றிப் பேச வேண்டாம், நோயைப் பற்றியும் பேச வேண்டாம், போதும் என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்றேன். சரி என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

சனிக்கிழமை அவளே வந்தாள். கனத்த உடம்பைப் பாயில் இறக்கி உட்கார்ந்தாள். மோலேனி கூடத்தின் மறுகோடியில், வாசலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் தபால் பெட்டிபோல நின்றேன்.

"ஃபீபே, நான் அனுப்புறது அவனுக்குப் பிடிச்சிருக்கான்னு கேளு," என்றாள் அக்கா.

அவர் காதில் விழுந்திருந்தது. இருந்தாலும் நான் திருப்பிச் சொன்னேன். சொல்லிவிட்டு, சொல்லுங்க என்று உதட்டை அசைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். இடுப்புத் துணியை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டார்.

"ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்லு," என்றார். "அக்காவோட கைப்பக்குவம் யாருக்கு வரும்னு சொல்லு."

"கேட்டியாடி?" என்று கலோலைனே குலுங்கிச் சிரித்தாள். காற்று மோலேனி இருந்த பக்கமிருந்து அடித்தது. அவள் மூக்கைச் சுளித்தாள். "எங்கயோ எலி செத்துக் கிடக்கு போல. தேடி எடுத்துப் போடு ஃபீபே."

மோலேனி தலையைக் குனிந்துகொண்டார்.

"பாக்குறேன் அண்ணி," என்றேன்.

கால் அந்த மாதமே போனது. ஆஸ்பத்திரி வார்டுக்குள் கலோலைனே வரவில்லை. கதவருகே நின்று எட்டிப் பார்த்தாள். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்ததைப் பார்த்ததும் வராந்தாவிலேயே விழுந்து மார்பில் அறைந்துகொண்டு அழுதாள். நர்ஸுகள் ஓடிவந்தார்கள். அவள் தலைமுடியைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று எனக்கு வெறி வந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னேனே அண்ணி," என்றேன்.

"நீ சொன்னே. அவன் நல்லா இருக்குன்னு சொன்னானே."

அவள் பொய் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு, இடது குதிகாலில் ஒரு கறுப்புப் புள்ளி இருப்பதை எலெனோவா காட்டினாள். மறுபடியும் திங்கட்கிழமையிலிருந்து ஆரம்பிப்போம் என்றாள். அவள் குரலில் பழைய துள்ளல் இல்லை. நான் கலோலைனேயிடம் போய்ப் புள்ளியைப் பற்றிச் சொன்னேன். இந்தத் தடவை அவள் காதைப் பொத்தவில்லை. எல்லாவற்றையும் கேட்டாள். பூசணியை எவ்வளவு பெரிதாக நறுக்க வேண்டும், எந்தப் பாலை விட வேண்டும் என்றுகூடக் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கையால் செய்த லூ வந்தது. மோலேனி படுக்கையில் சாய்ந்தபடி ஆசையோடு பிரித்தார். விரலால் இந்தப் பக்கம் விலக்கினார், அந்தப் பக்கம் விலக்கினார்.

"இது அக்கா அனுப்பினதுதானே?"

"ஆமா. அவங்களே செஞ்சது. உங்களுக்காகவே செஞ்சது."

"கறி இல்ல."

"உடம்புக்கு நல்லதுன்னு..."

"காலோட சேர்த்து மரியாதையையும் வெட்டி எடுத்துட்டாங்களா?" என்றார். "ஊரு நினைக்கட்டும், பரவாயில்ல. எலை திங்கிறவன்னு எங்க அக்காவே முடிவு பண்ணிட்டாளே ஃபீபே. இனிமே நான் யாரு?"

கால் போனபோது அழாத மனிதர் அந்த இலைப் பொட்டலத்தைப் பார்த்து அழுதார். அதைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அடுத்த நாள் என் பீன்ஸையும் தொடவில்லை. அதற்கடுத்த நாளும் தொடவில்லை. சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் உயிருக்கே ஆபத்து என்று எலெனோவா பதறினாள். சேதி கலோலைனேக்குப் போனது. அவள் வேலிக்கு வெளியிலேயே நின்றாள்.

"குடுத்தாலும் கொல்றேன், குடுக்காட்டியும் கொல்றேன்," என்றாள். "நான் என்னதான்டி பண்ணட்டும்? நீயே சொல்லு."

வகுப்பில் இதற்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. இரண்டு பேரும் வேலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றோம். அவள் போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் பாத்திரம் வந்தது. மூடியைத் திறக்கும்போதே கொழுப்பு மினுமினுத்தது. மோலேனி எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் ரத்தம் திரும்பியது. ஜெபம் சொன்னார், அக்காவின் பெயரைச் சொல்லி ஆசீர்வாதம் கேட்டார், பிறகு இரண்டு கையாலும் எடுத்துச் சாப்பிட்டார். நல்ல சதையாக ஒரு துண்டைப் பிய்த்து என் பக்கம் நீட்டினார்.

"சாப்பிடு ஃபீபே. நீயும் இளைச்சுட்டே."

நானும் அந்த இரண்டு நாளும் எதுவும் தின்றிருக்கவில்லை. வாங்கிக்கொண்டேன். ருசியாகத்தான் இருந்தது.