பத்து நிமிஷம் முன்னால்

அட்டவணை பழசாகிவிட்டது, மறுபடி போடு என்றது மெஷின். ஜமீலா மறுபடி போட்டாள். பழசாகிவிட்டது என்றது. "இப்பத்தானே போட்டேன், கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?" என்று வாய்விட்டே திட்டிவிட்டு, யார் காதிலாவது விழுந்ததா என்று திரும்பிப் பார்த்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் பக்கத்து ஷெட் பிரஸ் ஓடும்போது இடி விழுந்தாலும் கேட்காது.

தொண்ணூற்றொன்றாம் வருஷம். அது கம்ப்யூட்டரில் பிரஸ்ஸுக்கான டை அச்சு வரைந்து கொடுக்கும் சின்னக் கம்பெனி. ஒரே கேபிளில் கோத்த நான்கு யூனிக்ஸ் மெஷின்கள். வாசலோரம் இருக்கும் பெரியதன் டிஸ்கில்தான் எல்லாக் கோப்பும். திரையில் ஜன்னல் ஜன்னலாகத் திறந்து, ஒரு மெஷினில் ஓடுவதை இன்னொன்றின் திரையில் காட்டுமாம் எக்ஸ் விண்டோ. அது மூலநிரலாக ஒரு டேப்பில் வந்திருந்தது. அதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றி, அதாவது கம்பைல் செய்து, நான்கிலும் ஏற்றுவது ஜமீலாவின் பொறுப்பு. திங்கட்கிழமை ஆர்டர் கொடுக்கும் பார்ட்டி பார்க்க வருகிறார்கள், இன்று சனி. முதலாளி ஜெயராமன் அதட்டுகிற மனுஷரில்லை. அதனாலேயே அவர் சொன்னது காதை விட்டுப் போகவில்லை. "முடியலேன்னா வெளியாளைத்தாம்மா கூப்பிடணும். அப்புறம் உன்னை எப்படி வேலைல கன்ஃபர்ம் பண்றது? பார்ட்னர்கிட்ட நான் இன்னான்னு சொல்றது?"

பட்டாபிராமில் உம்மாவோ தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள், எம் பொண்ணு கம்ப்யூட்டருக்கே பாடம் எடுக்குதுன்னு. எடுக்கிற லட்சணம் இதுதான்! ஆயிரக்கணக்கான கோப்புகள் ஒழுங்காகக் கம்பைலான பிறகு, அவற்றைச் சேர்த்துக் கட்டும் லைப்ரரியில் வந்து வேலை நின்றுவிட்டது. லைப்ரரிக்கு முகப்பில் ஓர் அட்டவணை உண்டு. அது லைப்ரரியைவிடப் பழசென்றால் மெஷின் தொடாது. காலையிலிருந்து அதே பல்லவிதான்.

கடைசியில் கோப்பு எழுதிய நேரத்தைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள். அத்தாவின் பழைய கைக்கடிகாரம். மெதுவாக ஓடுகிறது என்று இத்தனை நாள் அதைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். தன் மெஷினின் நேரத்தைக் கேட்டாள், கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போனது. வாசலோர மெஷின் மட்டும் பத்து நிமிஷம் முன்னால் ஓடியது. அட்டவணையில் இவள் மெஷினின் நேரம். லைப்ரரிக் கோப்பு கிடப்பதோ வாசலோர மெஷினின் டிஸ்கில், அதன் மேல் அந்த மெஷினின் நேரம். எத்தனை தரம் போட்டாலும் பழசாகத்தான் இருக்கும். அட, கடவுளே!

காலையில் மெஷின்களை எழுப்பி, டேப் மாற்றுகிறவர் கோதண்டம். அவர் டீயோடு வந்தபோது ஜமீலாவின் கேள்வி கொஞ்சம் சூடாகவே வந்தது. "வாசல் மெஷினுக்கு டைம் யாருண்ணே வெச்சது?"

"அதுவா? நான்தாம்மா தள்ளி வெச்சேன்" என்றார் அவர், பெருமையாகவே. "அன்னிக்கு மழைல நம்ம பட்டாபிராம் சைடிங் போற ரயில உட்டுட்டியே, நான் அதுலதான் போனேன். எறங்குனா, உங்கம்மா நனைஞ்சிகினு ஒவ்வொரு பொட்டியா பாத்துகினு நிக்கிறாங்க. மனசு கேக்கல. எங்கூட்ல கடிகாரத்த எப்பவும் பத்து நிமிஷம் தள்ளித்தான் வெப்போம், வண்டிக்கோசரம். நீ போவசொல்லோ இந்த வாசல் மெஷின்ல டைம் பாத்துட்டுத்தான போற, அதான்." அவள் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "இன்னாம்மா, தப்பா பண்ணிட்டனா?"

அந்த மழைக்குப் பிறகு ஒரு நாளும் அவள் வண்டியை விட்டதில்லை. தனக்குத்தான் சாமர்த்தியம் கூடிவிட்டதென்று வேறு நினைத்திருந்தாள். "தப்பில்லண்ணே. நல்லா இருப்பீங்க" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நான்கு மெஷின்களுக்கும் ஒரே நேரத்தை வைத்தாள். அட்டவணையை மறுபடி போட்டாள். மெஷின் வாயைத் திறக்காமல் மேலே போனது. எதனால் நின்றது என்று போனில் ஜெயராமன் கேட்டபோது, "கடிகாரக் கோளாறு சார், சரி பண்ணியாச்சு" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமையும் இருவரும் வந்தார்கள். சாயங்காலம் ஜமீலா தன் மெஷினிலிருந்தே ஒவ்வொரு திரைக்கும் ஒரு கடிகாரம் அனுப்பினாள். ஓரமாக ஒரு ஜன்னல் திறக்கும், அதில் வட்டமாக முள்ளோடு ஒரு கடிகாரம் வந்து உட்காரும். கோதண்டம் ஒவ்வொரு திரையாக ஓடி ஓடிப் பார்த்தார். "நீ அங்க குந்திகினு தட்ற, இங்க வருதும்மா!"

அப்புறம் முகம் வாடியது. "எல்லாம் ஒரே டைம் காட்டுது. அப்ப வண்டிக்கி?"

ஜமீலா கைக்கடிகாரத்தைக் கழற்றி நீட்டினாள். "நீங்களே வெச்சுக் குடுங்கண்ணே."

அவர் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார். நகத்தால் சாவிக் குமிழை இழுத்து, மூச்சை அடக்கி, மெல்லத் திருப்பினார். நான்கு திரையிலும் ஐந்து மணிக்கு இன்னும் நேரமிருந்தது. அவர் உள்ளங்கையில் ஐந்தாகிவிட்டிருந்தது.