தேயாத துத்தநாகம்

ஒரின்பசாரின் மீன்படகைக் கரையேற்றி முட்டுக் கொடுத்து நிறுத்துவதற்குள் எனக்கு முழங்கால் விண்விண் என்று தெறித்தது. பவுத்தினோ துறையில் படகுகளின் அடிப்பக்கத்துக்குச் சாயம் பூசி இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. எனக்கு எல்லாமே அலுத்துவிட்டது, காஸ்பியன் காற்று உட்பட.

ஒரின்பசார் குனிந்து, படகின் அடியில் பொருத்தியிருந்த துத்தநாகக் கட்டியைக் கத்தியால் சுரண்டினான். சிவப்புச் சாயம் உரிந்து உள்ளே பளபளத்தது.

"கென்ஜெகுல் அக்கா, இங்க வந்து பாருங்க! ரெண்டு வருஷத்துல துளிகூடத் தேயல. புதுசு மாட்டவே வேணாம். அப்பேர்ப்பட்ட சரக்கு!"

அந்தக் கட்டியை மாட்டுவதே அது தேய்வதற்குத்தான். உப்புநீர் முதலில் அதைத் தின்னும், அதுவரை இரும்பைத் தொடாது. கட்டி முழுசாக இருக்கிறதென்றால் கடல் படகைத் தின்றிருக்கிறது.

கட்டியின்மேல் சாயம் படக் கூடாது; பட்டால் உப்புநீர் அதை எட்டாது. பூசுமுன் காகிதம் ஒட்டி மறைக்க வேண்டும். ரெண்டு வருஷம் முன்பு இதற்குப் பூசிய அன்று, இது ஐந்தாவது படகு. கை ஓய்ந்துபோய், காகிதம் ஒட்டச் சோம்பி, எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பூசித் தள்ளிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

"சட்டுனு ஒரு பூச்சு பூசிடுங்கக்கா. நாளைக்கு நானும் மச்சானும் கடலுக்குப் போறோம்."

"பூச முடியாதுடா."

"ஏன், முட்டி மக்கர் பண்ணுதா? அதுக்குத்தான் வீட்டோட உக்காந்து டீ குடிங்கன்னேன்," என்று சிரித்தான்.

உண்மையைச் சொன்னால் இந்தத் துறையில் இனி எவனும் என்னைக் கூப்பிட மாட்டான். பேசாமல் பூசிவிட்டால் படகு புதுசுபோல இருக்கும். இவர்களும் போய்விடுவார்கள்.

சுத்தியலை எடுத்து, படகின் பின்பக்கத் தகட்டைத் தட்டினேன். டங்கென்று கேட்க வேண்டியது பொத்தென்று கேட்டது. ஓங்கி இன்னொன்று போட்டேன். சுத்தியல் உள்ளே போய்விட்டது.

"ஐயோ அக்கா, என் படகுல ஓட்டை போட்டுட்டீங்களே!"

"இன்னைக்குப் போடலடா. ரெண்டு வருஷம் முன்னாடியே போட்டுட்டேன். கட்டி மேல சாயம் பூசினது நான்தான்."

திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் ஓட்டைக்குள் கையை விட்டு ஓரத்தைத் தடவினான். இரும்பு அப்பளமாக நொறுங்கி அவன் காலடியில் விழுந்தது.

"மச்சானுக்கு நீச்சல் தெரியாதுக்கா," என்றான்.

நான் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.