இளையவரே முதலில் பேசுவார்

கடற்படை மந்திரியாகி மூன்றாவது வாரம் நடந்துகொண்டிருந்தது. கப்பலில் ஓர் உத்தரவு போட்டால் அது நடந்ததா இல்லையா என்று கண்ணால் பார்த்துவிடலாம். பாரிஸில் உத்தரவு போட்ட பிறகு அது எங்கே போகிறது என்றே அட்மிரல் கெர்மாரெக்குக்குத் தெரியவில்லை.

அவர் இந்தப் பதவிக்கு ஒப்புக்கொண்டதே ஒரே காரணத்துக்காகத்தான். பிரெஸ்த் துறைமுகத்தில் நான்கு டார்பிடோ படகுகள் இருந்தன. புதியவை, வேகமானவை. ஆனால் அலை பக்கவாட்டில் அடித்தால் கவிழ்ந்துவிடும். ஐந்தாவது படகு போன வருஷம் அப்படித்தான் போயிற்று. கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களில் அவரும் ஒருவர். மிச்சமிருந்த நான்கும் திங்கட்கிழமை பயிற்சிக்குக் கடலில் இறங்குவதாக இருந்தது. அதை நிறுத்த வேண்டும்.

"ஒரு தந்திதானே? நானே கையெழுத்துப் போட்டுடறேன்" என்று செயலாளர் பாஸ்கியேயிடம் சொன்னார்.

பாஸ்கியே இதே அறையில் பல மந்திரிகளை வரவேற்று வழியனுப்பியவர். "போடலாம், மந்திரி ஐயா. ஆனா அந்தப் படகைக் கட்டின ஊர்ப் பிரதிநிதிங்க ஓட்டுலதான் நம்ம அரசாங்கமே நிக்குது. பிரதமர்கிட்ட ஒரு வார்த்தை..."

"கேட்டேனே. ரொம்ப நியாயம்னு சொன்னார்."

"அப்போ நடக்காது."

அட்மிரல் அவர் முகத்தையே பார்த்தார். பாஸ்கியே சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மந்திரிசபை கூடியது. பிரதமர் மொர்தான்யி காகிதங்களை மடித்துக்கொண்டே, "இன்னிக்கு பிரதிநிதிகள் மன்றத்துல அந்தப் படகு விஷயமா கேள்வி வருது. யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்றார். எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள்.

கப்பலில் ஆலோசனை என்றால் பதவியில் இளையவர்தான் முதலில் வாய் திறக்க வேண்டும். பெரியவர் பேசிவிட்டால் சின்னவர் அதையே ஒப்பித்துவிடுவார் என்பதால் வந்த வழக்கம் அது. இந்த மேசைக்குக் கடைசியாக வந்து சேர்ந்தவர் கெர்மாரெக். எல்லோரும் தனக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு எழுந்து நின்றார்.

"அது படகில்ல, பாடை. திங்கக்கிழமை அதுல ஒரு ஆளைக்கூட ஏத்த விடமாட்டேன். நான் சொல்லிட்டேன். இப்போ நீங்க ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

கல்வி மந்திரி இருமினார்.

"ராஜினாமா பண்ணுவேன்னு மிரட்டறீங்களா, அட்மிரல்?" என்று பிரதமர் மெதுவாகக் கேட்டார்.

"இல்லையே. என் முறை வந்தது, பேசினேன்."

"உங்க முறைன்னு யார் சொன்னா?"

"விடுங்க, பிரதமரே" என்றார் விவசாய மந்திரி. "அவருக்குத் தரையில இன்னும் கால் பழகல."

மற்றவர்கள் சிரித்தார்கள். அட்மிரலும் கொஞ்சம் சிரித்துவைத்தார்.

மத்தியானத்துக்குள் மந்திரிசபை பிளந்துவிட்டது என்று மன்றத்துத் தாழ்வாரமெல்லாம் பேச்சு. பாஸ்கியே எழுதிக்கொடுத்த பதிலை அட்மிரல் மேடையில் ஏறி வரி பிசகாமல் வாசித்தார். ஆராய்ச்சி நடக்கிறது, அறிக்கை வரும் என்பதுதான் பதில். எதிர்வரிசையிலிருந்து ஒருவர், "அதெல்லாம் இருக்கட்டும். படகு கவிழுமா, கவிழாதா?" என்றார்.

"கவிழும்" என்றார் அட்மிரல்.

மன்றமே கைதட்டியது. பிறகு, கைதட்டிய அதே கைகள் நீலச் சீட்டுகளைப் பெட்டியில் போட்டன. நீலம் என்றால் அரசாங்கத்துக்கு எதிரான ஓட்டு. சாயங்காலம் அரசாங்கம் கவிழ்ந்திருந்தது.

"என்னைப் பாராட்டினவங்கதானே நம்மளைக் கவுத்தாங்க?" அலுவலகத்துக்குத் திரும்பியதும் அட்மிரல் கேட்டார்.

"கவுக்கறதுக்குத்தான் பாராட்டினாங்க" என்றார் பாஸ்கியே.

"இப்போ நான் யாரு?"

"புது ஆள் வர்ற வரைக்கும் மந்திரிதான். அன்றாட வேலைய மட்டும் பார்க்கலாம்."

"படகைத் துறைமுகத்துல கட்டிவெக்கிறது அன்றாட வேலையா?"

"காலையில கேட்டிருந்தா அரசியல்னு சொல்லியிருப்பேன். இப்போ ஓட்டும் இல்ல, அரசாங்கமும் இல்ல. அன்றாட வேலைன்னுதான் தோணுது."

அட்மிரல் தந்தியை எழுதத் தொடங்கினார். அதற்குள் வாசலில் ஆள் வந்து நின்றது. பாஸ்கியே போய்ப் பேசிவிட்டுத் திரும்பினார்.

"இன்னிக்கு மன்றத்துல உங்களைக் கேள்வி கேட்டாரே, அவர்தான் புது மந்திரிசபை அமைக்கப்போறார். சொல்லி அனுப்பியிருக்கார். கடற்படைக்கு மறுபடி நீங்களே வேணுமாம்."

"என்னையா? அவர்தானே என்னைக் கவுத்தார்?"

"உங்களை இல்ல, ஐயா. மத்தவங்களை."

அட்மிரல் பேனாவைக் கீழே வைத்தார். "சரின்னு சொன்னா படகு என்ன ஆகும்?"

"புதுப் பிரதமரைக் கேக்கணும். அவருக்கும் அந்த ஊர்க்காரங்க ஓட்டு வேணும்."

வென்றோமா தோற்றோமா என்று அவருக்கு விளங்கவே இல்லை. தான் இப்போது எந்தப் பக்கம் என்பதும் நிச்சயமாகத் தெரியவில்லை. திங்கட்கிழமை மட்டும் தெரிந்தது.

"செவ்வாய்க்கிழமை வரைக்கும் யோசிக்கணும்னு சொல்லிடுங்க" என்றார். "முடியாதுன்னும் சொல்லவேண்டாம். அவர் கேட்டது ரொம்ப நியாயம்னு சொல்லுங்க."

பாஸ்கியே முதல் தடவையாகத் தலைகுனிந்து வணங்கினார். அது எதற்கு என்று கேட்க நேரமில்லை. அட்மிரல் பிரெஸ்துக்குப் போகும் தந்தியில் கையெழுத்துப் போட்டார்.