இருக்கிறேன் என்று அமுக்கியவள்

முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பிய சிலம்பரசன் செல்போனை மனைவியின் கையில் கொடுத்தான்.

"பத்து மணிக்கு கிளாஸு, தமிழு. கேக்கறப்பல்லாம் அமுக்கிக்கினே இரு."

"பட்டம் வந்தா பாதி எனக்கு," என்றாள் தமிழ்மொழி.

"முழுசா எடுத்துக்க. மைன்ஸுக்கும் நீயே போ."

அவன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. ஞாயிறு நேரிலும் மற்ற நாள் செல்போனிலும் நடக்கும் பி.காம். படித்துவந்தான். மாணவர்களிடம் நெருக்கம் காட்ட அந்த வருடம் கல்லூரி ஒரு வழி கண்டுபிடித்திருந்தது. கால்மணிக்கு ஒருமுறை திரையில் பூப்படம் வரும், 'சிலம்பரசன், இருக்கிறீர்களா?' என்று கேட்கும். 'இருக்கிறேன்' என்று அமுக்கினால் வருகைப் பதிவு. ஷிஃப்டில் இருப்பவர்களுக்காகப் பெண்டாட்டிகள்தான் அமுக்கினார்கள்.

அன்றைக்கு அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே பன்னிரண்டு வரை அமுக்கினாள். வேலையாகப் பண்ருட்டிக்கு அனுப்பப்பட்டவன், பத்தேகாலுக்கே முத்தாண்டிக்குப்பம் சாலையில் லாரி மோதிச் செத்திருந்தான்.

காரியம் முடிந்த மறுநாள் செய்தி வந்தது: 'சிலம்பரசன், நீங்கள் இல்லாமல் வகுப்பே களையிழந்துவிட்டது.' பிறந்தநாளன்று கேக்கின் மேல் அவன் முகத்தை ஒட்டி அனுப்பினார்கள்.

இறப்புச் சான்றிதழோடு மெயின் பஜாரிலிருந்த படிப்பு மையத்துக்குப் போனாள். பொறுப்பாளர் ராஜேந்திரன் சிரித்த முகமாக உட்காரச் சொன்னார்.

"பேர எடுத்துடுங்க சார். செத்தவர நலம் விசாரிச்சிக்கினே இருக்கீங்க."

"ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லிக் கூப்புடறோம்மா. வேற எந்தக் காலேஜு செய்யுது?"

"அவரு மூஞ்சியப் பாத்திருக்கீங்களா?"

"தோ இருக்குதே," என்று கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். பிறகு சான்றிதழைப் பார்த்தார். "பத்தேகாலுன்னு போட்டிருக்கு. பன்னண்டு வரைக்கும் கிளாஸ்ல இருந்திருக்காரே?"

"நாந்தான் அமுக்கினேன்."

ராஜேந்திரன் குரலைத் தாழ்த்தினார். "பேர எடுக்கணும்னா அத எழுதிக் குடுக்கணும்மா. அப்பறம் வருகை எல்லாமே பொய்யாயிடும். பாஸான பதினோரு பேப்பரும் போயிடும்."

நைட் ஷிஃப்ட் முடித்து, கண்ணில் தண்ணீர் அடித்துக்கொண்டு, அவனே போய் எழுதிய பேப்பர்கள்.

"என்னம்மா செய்யலாம்? வேணும்னா மெசேஜ இன்னும் பர்சனலா மாத்தச் சொல்றேன்."

அந்தச் சிரிப்பைவிட, மடியில் கிடந்த தன் கட்டைவிரல்தான் அவளுக்கு அதிகம் அருவருப்பூட்டியது. சான்றிதழை மடித்துப் பைக்குள் வைத்தாள். எதையும் எழுதித் தராமல் எழுந்து வந்துவிட்டாள்.

கல்லூரிப் பட்டியலில் சிலம்பரசன் இப்போதும் இரண்டாம் ஆண்டு.