ஜெரால்டினின் கூரைப் பதிவேடு

சிங்கப்பூருக்கு அருகே தம்போயில் பாட்டில் மூடி செய்யும் எங்கள் தொழிற்சாலையின் கூரை முழுக்கச் சோலார் தகடுகள். அவை எங்களுடையவை அல்ல. ஒரு சோலார் நிறுவனம் தன் செலவில் பொருத்தியது. அதில் வரும் மின்சாரத்தை இருபது வருடங்களுக்கு நாங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தம். மேலாளர் என்ற முறையில் நானும் கையெழுத்துப் போட்டேன். உண்மையைச் சொன்னால், விலை இருந்த பக்கத்தைத் தவிர வேறெதையும் ஒழுங்காகப் படிக்கவில்லை.

படித்தவர் ஜெரால்டின். கேட்டில் காவல் வேலை பார்ப்பவர். லாபிஸ் ஊர்ப் பெண்மணி, ஐம்பதை நெருங்கும் வயது. சோலார் ஆட்களை எப்போது உள்ளே விடுவது என்று சொல்லும் பக்கத்தை மட்டும் நகலெடுத்து அவரிடம் கொடுத்திருந்தேன். மறுநாள் அலுவலகத்தில் வந்து நின்றார்.

"பாஸ், ரெக்கார்டுக்கு வேற பக்கம் பாருங்கன்னு இதுல போட்டிருக்கு. அதையும் குடுங்க."

கொடுத்தேன். கூரைக்கு யார் வந்தார்கள், எதற்கு, எத்தனை மணிக்கு ஏறி இறங்கினார்கள் என்று எழுதிவைக்க வேண்டும். ஏழு வருடம் காக்க வேண்டும். ஒரு தரப்பு கேட்டால் மறு தரப்பு காட்ட வேண்டும். அன்றைக்கே ஒரு தடித்த நோட்டில் கோடு போட்டு எழுத ஆரம்பித்துவிட்டார்.

போன மார்ச்சில் இன்வெர்ட்டர் பழுதாகி, கூரையிலிருந்து வரும் மின்சாரம் நின்றது. செவ்வாய்க்கிழமை எல்வின் என்ற டெக்னீஷியன் இன்னொருவரோடு வந்தார். அன்று சிங்கப்பூரிலிருந்து வாடிக்கையாளர்கள் வருவதாக இருந்தது. ஏணியும் வயருமாக ஆட்கள் திரிவது எனக்குப் பிடிக்கவில்லை. வியாழக்கிழமை வரச் சொல்லித் திருப்பி அனுப்பச் சொன்னேன்.

ஏப்ரலில் அவர்கள் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. உள்ளே விடாததால் இரண்டு நாள் மின்சாரம் வீணானது, ஒப்பந்தப்படி அது எங்கள் பொறுப்பு என்று. எனக்குக் கோபம். உங்கள் ஆட்கள் வியாழக்கிழமைதான் வந்தார்கள் என்று உடனே பதில் அனுப்பினேன். அப்படியானால் பதிவேட்டைப் பார்க்க வருகிறோம் என்றார்கள்.

கேட்டருகே இருந்த காவல் அறைக்குப் போய் நோட்டைப் புரட்டினேன். என் பெயரோடே எழுதியிருந்தது: 'செவ்வாய், காலை 10.20. சோலார் ஆட்கள் இருவர். கமலநாதன் சார் அனுமதி தரவில்லை. காரணம்: சிங்கப்பூர் விருந்தினர். 10.45 திரும்பினர்.'

"இந்த ஒரு பக்கத்த வேற மாதிரி எழுதிடலாமா?" என்றேன்.

"முடியாது பாஸ். அவங்க வந்தாங்க. நான்தானே கேட்டைச் சாத்தினேன்."

"யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்லா." குரலை உயர்த்தவில்லை. "கீழ இடம் இருக்கு. உங்க பக்க நியாயத்த நீங்களே எழுதி, இன்னிக்கித் தேதி போட்டு கையெழுத்து வைங்க. மேல இருக்கறத நான் தொட மாட்டேன்."

அவர் எங்கள் ஊழியர்கூட இல்லை. காவல் ஏஜென்சியின் ஆள். நான் ஒரு போன் போட்டால் வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். அது அவருக்கும் தெரியும். பேனாவை நீட்டியபடி நின்றார். அதை வாங்கி எழுதினேன்: 'விருந்தினர் வருகைக்காக நான்தான் அனுமதிக்கவில்லை. என் பதில் கடிதம் தவறு.'

அந்த வெள்ளிக்கிழமை நிறுவனத்தின் சார்பில் ரூபேந்திரன் என்பவர் எல்வினோடு வந்தார். சண்டைக்குத் தயாராக வந்தவர், நான் எழுதியதைப் படித்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் புரட்டினார். தகடு கழுவ வர வேண்டிய மூன்று மாதங்களில் அவர்கள் ஆள் யாருமே வரவில்லை. ஜனவரியில் பாதுகாப்பு பெல்ட் இல்லாமல் ஏறிய இருவரை ஜெரால்டின் கீழே இறக்கியிருக்கிறார். எல்லாம் நேரத்தோடு இருந்தது.

"பெல்ட் மேட்டர் உண்மையா?" ரூபேந்திரன் கேட்டார்.

"உண்மைதான் சார்," என்றார் எல்வின். "அக்கா விடவே இல்ல. வேன்ல போய் எடுத்துட்டு வந்தப்புறம்தான் ஏணியத் தொட விட்டாங்க."

அந்த இரண்டு நாள் இழப்பை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். கழுவாத மூன்று மாதங்களின் இழப்பை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். வக்கீல் வரை போயிருக்க வேண்டியது ஒரு மணி நேரத்தில் முடிந்தது. கிளம்பும்போது ரூபேந்திரன் அந்த நோட்டில் கோடு போட்டுப் பிரித்திருந்த விதத்தைப் படம் எடுத்துக்கொண்டார். மற்ற கூரைகளிலும் இதே மாதிரி எழுதச் சொல்லப் போகிறாராம்.

ஜெரால்டினுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல் கேட்டருகே நின்றேன். என்ன வேண்டும் என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "கூரைக் கதவு சாவி உங்க டிராயர்ல இருக்கு பாஸ். நீங்க லீவுன்னா யாரும் ஏற முடியல. அத இங்க வைக்கணும்."

உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தேன். வாங்கிய நேரத்தை நோட்டில் எழுதி, என் பக்கம் திருப்பினார். கையெழுத்துப் போட்டேன்.